'சம்டைம்ஸ்' என்றால் எத்தனை தரம்?

மோர்னிங்சைட் பகுதியில் வசிக்கும் அம்மையார் ஒருவர், பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போனார். நெஞ்சு இறுக்குவதுண்டா என்று வைத்தியர் ஆங்கிலத்திலே கேட்டார். "சிலவேளை, தம்பி" என்று பேரனிடம் சொன்னார் அம்மையார். இங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் அதை "மேபி" என்று மொழிபெயர்த்தான். நோவு உண்டா இல்லையா என்பதே இவருக்கு நிச்சயமில்லைப் போலும் என்று வைத்தியர் எண்ணிக்கொண்டார்.

பேரன்மீது குற்றமில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'சிலவேளை' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. "சிலவேளை நாளைக்கு மழை பெய்யும்" என்றால் 'ஒருவேளை' என்பது பொருள். "சிலவேளை தலையிடிக்கும்" என்றால் 'இடையிடையே' என்பது பொருள். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'மேபி', பின்னதற்கு 'சம்டைம்ஸ்'. அதிலும் கடைசி எழுத்தாகிய 'ஸ்'ஸை விழுங்கிவிட்டால், 'என்றோ ஒரு நாள்' என்று பொருள் மாறிவிடும்.

சொல்லைச் சரியாகச் சொன்னாலும் போதாது. மாதம் ஒரு முறையும் சம்டைம்ஸ்தான். கிழமைக்கு மூன்று முறையும் சம்டைம்ஸ்தான். மனச்சோர்வை அறிய வைத்தியர்கள் தரும் 'பி.எச்.கியூ-9' என்னும் படிவத்தைப் பாருங்கள். அதில் 'சம்டைம்ஸ்' என்ற விடையே இல்லை. கடந்த 2 வாரங்களில் சில நாட்களா, பாதிக்கு மேற்பட்ட நாட்களா, அநேகமாக ஒவ்வொரு நாளுமா என்று நாட்கணக்கையே அது கேட்கிறது.

நல்லவேளையாக, அந்த வைத்தியரும் அப்படியே கேட்டார்: "போன கிழமை எத்தனை நாள்?" அம்மையார் விரல் மடித்து எண்ணினார். உடுப்புக் கூடையோடு மாடி ஏறியபோது, பஸ்ஸுக்கு விரைந்தபோது, கோயிற் படியிலே... ஐந்து நாள்! அதற்கு முந்திய மாதம் கிழமைக்கு ஒரு நாள்தானாம். பிறருக்குத் தொந்தரவு எதற்கு என்று வீட்டிலும் சொல்லவில்லை.

நடக்கையில் வந்து, ஓய்வெடுத்தால் தணியும் நெஞ்சிறுக்கம், இருதயத் தசைக்கு இரத்தம் போதாமையின் அடையாளமாக இருக்கலாம். அது முன்னிலும் அடிக்கடி வரத் தொடங்குவது அபாய அறிவிப்பு. அன்றே அம்மையார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் சுகமாக வீடு திரும்பினார்.

ஆகவே, அன்பர்களே, வைத்தியரிடம் போகும்போது கலண்டரிலே நாட்களைக் குறித்துக்கொண்டு போங்கள். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆனால், ஓய்வெடுத்தும் தணியாத நெஞ்சிறுக்கம் வந்தால் எண்ணிக்கொண்டிராதீர்கள். உடனே 911ஐ அழையுங்கள்.