ஊரடங்குக் கள்ளு: சில குறிப்புகள்

2020 மார்ச் 20. வெள்ளிக்கிழமை. பின்னேரம் 6 மணிக்கு இலங்கை முழுக்க ஊரடங்கு.

எங்களுக்குப் பங்குனி. பனங்கள்ளு சூடு பிடிக்கிற மாதம். கட்டளை எழுதினவர் பஞ்சாங்கம் பார்த்திருக்க மாட்டார்.

ஊரடங்கு இந்த ஊருக்குப் புதிதல்ல. எதை வாங்கி வைக்க வேண்டும் என்று வயதானவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அரிசி, மா, மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி.

குடிக்கிறவர்கள்தான் ஆயத்தமில்லாமல் அகப்பட்டார்கள். குடிக்கிறவர் இருப்பு வைப்பதில்லை. இருந்தால் குடித்துவிடுவார்.

*

மார்ச் 15இல் அரியாலையில் ஓர் ஆராதனை. சுவிஸிலிருந்து வந்த போதகர். பிறகு தாவடியில் யாழ்ப்பாணத்தின் முதல் கொரோனா நோயாளி. தாவடியை மறித்தார்கள். யாழ்ப்பாணம் அதிக ஆபத்துள்ள மாவட்டமாயிற்று.

பார் பூட்டு. கள்ளுத் தவறணை பூட்டு. சாப்பாட்டுக் கடை பூட்டு.

மூன்றும் ஒரே வரியில்.

சாராயப் போத்தலுக்கு அவசரமில்லை. பூட்டின கடைக்குள் ஒரு மாதம் நின்றாலும் அதே சாராயம். விலை வேண்டுமானால் கூடும்.

கள்ளு முட்டிக்குள் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கினது பின்னேரம் கடுக்கும். மறுநாள் வாயில் வைக்க ஏலாது. பிறகு வினாகிரி.

*

பாளை.

விரியாத பாளையை வரிந்து கட்டி, இடுக்கியால் நசித்து, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டுவது. முதல் சொட்டு விழச் சில நாள் போகும். அதன்பிறகு காலையும் பின்னேரமும் சீவ வேண்டும். நூல் கனத்துக்குத்தான். அதற்குமேல் சீவினால் பாளை வீணாகக் குறையும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும். சொட்டு நிற்கும்.

ஆகவே ஊரடங்கிலும் ஏறத்தான் வேண்டும். விற்க வழியில்லாவிட்டாலும் ஏற வேண்டும். இறக்கினதைப் பனையடியில் ஊற்றிவிட்டுப் பின்னேரம் திரும்ப ஏற வேண்டும்.

ஊற்றினார்கள்.

ஊற்றுவதற்காக ஏறுகிற வேலைக்கு என்ன கூலி?

*

முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவர் பனையில் நின்றதைக் கண்டேன். காலில் தளைநார், இடுப்பில் இயனக்கூடு, மூக்கில் நீலத் துணி. அந்த உயரத்தில் காகம் மட்டும்தான் பக்கத்தில். கீழே பொலிஸ் வரும் என்று போட்டிருப்பார்.

இறங்கினதும் கழற்றி முட்டியின் வாயை அதால் மூடினார். தேனீ விழாமல்.

*

ஏப்ரல் 20. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு தளர்ந்தது. மதுக்கடைகளும் திறந்தன. மறுநாளே மறு அறிவித்தல்வரை மூடு.

மே 13. கொழும்பும் கம்பஹாவும் தவிர்ந்த இடங்களில் திரும்பத் திறப்பு.

அன்று வரிசை பார்க்கப் போனேன். குடிக்க அல்ல. சரி, நம்பாவிட்டால் போங்கள்.

கடை வாசலில் தொடங்கித் தெருவோரம் நீளத்துக்குச் சுண்ணாம்பு வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் ஆள். வாத்தியார் ஒருவரும் அவரிடம் படித்தவரும் அடுத்தடுத்த வட்டத்தில். இருவரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகக்கவசம் அன்றைக்கு நன்றாக உதவியது.

சங்கக்கடை வரிசையில் இருந்ததைவிட ஒழுங்கு அதிகம். தள்ளுமுள்ளு இல்லை. ஆளையாள் விலக்கி நிறுத்த ஒரு பொலிஸ்காரர் போதும்.

*

முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிட்டால் கள்ளு. அதே மரம், அதே ஏற்றம்.

ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். மற்றதற்கு மதுவரித் திணைக்களம் வரும்.

*

மதுசார வீதம்.

கள்ளு: ஐந்தளவில். சாராயம்: முப்பதுக்கு மேல். கைக்குப் பூசும் சனிரைசர்: 60க்கு மேல் இருந்தால்தான் வேலை செய்யும்.

மூன்றாவதை மட்டும் கோயில் வாசலிலும் வைத்திருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு அந்த ஏப்ரலில் சொன்னது: குடித்தால் கிருமி சாகாது, உடம்பின் எதிர்ப்புத்தான் குறையும், மது விற்பனையைக் கட்டுப்படுத்துங்கள். ஈரானில் குடித்தால் கிருமி சாகும் என்று நம்பி மெதனோல் குடித்து நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மது சட்டப்படி தடைசெய்யப்பட்ட நாடு.

*

தென்னாபிரிக்கா 2020 மார்ச் 27 தொடக்கம் மது விற்பனையை முழுதாக நிறுத்தியது. ஜூனில் விட்டது. ஜூலையில் மறுபடி நிறுத்தியது. டிசம்பரில் மறுபடி.

அங்கே அன்னாசிப்பழம் தட்டுப்பட்டது. வீட்டில் ஊறவைத்துக் குடிக்க.

எங்கள் பத்திரிகைகளில்: கசிப்பு, அதை வடிக்க ஊறவைத்த கோடா மீட்பு. திரும்பவும் கோடா மீட்பு. பரல் பரலாக. படத்தில் எப்போதும் பரல், பரலுக்குப் பின்னால் மதுவரி அதிகாரிகள், ஓரத்தில் முகம் மறைத்த ஒருவர்.

கேரளம் இன்னும் விசேஷம். குடிக்காமல் கை நடுங்குகிறவருக்கு வைத்தியர் சீட்டு எழுதினால் மது கொடுக்கலாம் என்று அரசு சொன்னது. வைத்தியர்கள் கறுப்புப் பட்டி கட்டினார்கள். ஏப்ரல் 2, உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

தமிழ்நாட்டில் மே 7 டாஸ்மாக் திறப்பு. மே 8 சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை. மே 16 திரும்பத் திறப்பு. கடைத் திறப்பைப் பார்த்தால் நோய் போன திசை தெரியாது, நீதிமன்றம் போன திசை தெரியும்.

*

இங்கிலாந்தில் அந்த டிசம்பர், பல இடங்களில் பப்பில் குடிக்க வேண்டுமென்றால் கணிசமான சாப்பாடும் வாங்க வேண்டும். ஸ்கொட்ச் முட்டை கணிசமா? அமைச்சர்களிடம் கேட்டார்கள். அவித்த முட்டையை இறைச்சியால் பொதிந்து பொரித்தெடுப்பது. கணிசம்தான் என்றார் ஓர் அமைச்சர். இல்லை, அது தொடக்கம் மட்டுமே என்றார் இன்னொருவர். பிறகு அவரும் ஒப்புக்கொண்டார்.

லண்டன் ஹரோவில் இருக்கிற எங்கட ஆட்களுக்குக் கொத்துரொட்டி இருந்தது. அதைக் கணிசமில்லை என்று எந்த அமைச்சரும் சொல்ல மாட்டார்.

வேல்ஸில் டிசம்பர் 4 தொடக்கம் பப் திறந்திருக்கலாம், 6 மணிவரை. ஆனால் மது விற்க முடியாது.

கள்ளில்லாத தவறணையை யோசித்துப் பார்க்கிறேன். வெற்றிலை, அவித்த கடலை, அரசியல்.

*

பிளா.

பனையோலையை மடித்து ஒரு பக்கம் முடிந்தால் ஆயிற்று. இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். கீழே வைக்க முடியாது. வைத்தால் சாய்ந்துவிடும். ஆகவே ஊற்றினதைக் குடித்து முடிக்கத்தான் வேண்டும். குடித்ததும் எறிவது. ஆடு தின்னும்.

ஒருவர் வாய் வைத்தது இன்னொருவருக்குப் போகாது.

2020இல் ஊரெல்லாம் ஒருமுறை பாவித்து எறியும் கோப்பையைத் தேடியது. தவறணைகளில் அதற்குள் பிளாஸ்ரிக் கோப்பை வந்து கனகாலம். கழுவுவதற்கு ஒரு வாளித் தண்ணீர். ஒரே வாளி.

*

மூக்குப்பேணி. வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற பேணி. யார் வாயும் படாமல்.

முன்பு தேநீர்க் கடைகளில் சில சாதியினருக்கு வேறு பேணி, வேறு போத்தல், வேறு இடம். 1957இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஒன்பது வருடம் கழித்து, 1966 ஒக்ரோபர் 21, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது.

அதே ஆட்கள் இறக்கின கள்ளு மட்டும் எந்த வாயிலும் பட்டது.

*

ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஒலிபெருக்கி ஓட்டோவில் போனது. எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழவி திண்ணையிலிருந்து சிரித்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

*

1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டம். இன்றைக்கும் அதுதான், திருத்தித் திருத்தி.

1920களில் ஊரில் வாக்கெடுப்பு வைத்துத் தவறணையை மூடலாம். யாழ்ப்பாணத்தில் மூடினார்கள். வாக்களித்தவர்களில் பனை ஏறுகிறவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1927 நவம்பர், யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் அழைத்துக் காந்தி வந்தார். குடியை ஒழிப்பது பற்றியும் பேசினார். கதருக்குக் காசு சேர்த்துக்கொண்டு போனார்.

1972. தவறணைகள் குத்தகைக்காரரிடமிருந்து தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தன. சீவுகிறவர் சங்கத்துக்கு அளப்பார், சங்கம் விற்கும். நல்ல ஏற்பாடு. இந்த ஊரில் ஏறுகிறவருக்கு ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது அதனால்தான்.

ஆனால் தவறணை பூட்டினால் அளக்க இடமில்லை. பனையடியில் விற்றால் குற்றம்.

வடிக்கலாமே? திக்கத்தில் வடிசாலை, வரணியில் வடிசாலை. கொண்டுபோக லொறி வேண்டும். லொறிக்குப் பாஸ். பாஸுக்குக் கையெழுத்து. கையெழுத்து வரும்வரை கள்ளு நிற்காது.

*

பௌர்ணமிப் போயா நாளில் மதுக்கடை பூட்டு. அது பழைய கட்டளை. முதல்நாள் பின்னேரம் வரிசை. மாதம் தவறாமல் ஒத்திகை பார்த்த சனம்.

பெண்ணுக்கு மது விற்கக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர எடுத்துவிட்டார். சில நாளில் ஜனாதிபதி சிறிசேன திரும்பப் போட்டுவிட்டார்.

வரிசையில் பெண்கள் இல்லை. வீட்டில் அடி வாங்குகிறவர்களின் கணக்கை யாரும் வட்டம் போட்டு நிறுத்தவில்லை. கடை பூட்டின கிழமைகளில் பக்கத்து வீடு அமைதியாக இருந்தது. முதல் கிழமை அல்ல. முதல் கிழமை மோசம்.

இதையும் எழுதத்தான் வேண்டும். கள்ளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். குடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பாளையை விட்டுவிடுகிறார்கள்.

*

2021 ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்ரோபர் 1 விடியும்வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. நல்லூர்த் திருவிழா சனத்திரள் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் பூட்டு.

செப்ரெம்பர் 17, வெள்ளிக்கிழமை, மதுக்கடைகள் திறந்தன. ஊரடங்கு இருக்கவே திறந்தன. யார் அனுமதித்தது? ஒவ்வோர் அலுவலகமும் மற்ற அலுவலகத்தைக் காட்டியது. வைத்தியர் சங்கங்கள் கத்தின. கடை திறந்தபடி.

மதுவரி வருமானம் ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாவுக்கு மேல்.

அதில் போத்தலின் பங்கு பெரிது. முட்டியின் பங்கு கண்ணுக்கே தெரியாது.

*

அப்பம்.

எங்கள் வீட்டில் குடிக்கிறவர் யாருமில்லை. ஆனால் அப்ப மா புளிக்கக் கள்ளு வேண்டும். அம்மா காலத்திலிருந்து சின்னப் போத்தல் ஒன்று அதற்கென்றே. விடியப் படலையடியில் வைத்தால் நிரம்பியிருக்கும். காசு மாதமுடிவில். இது எந்தச் சட்டத்தின்கீழ் வரும் என்று வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

தவறணை பூட்டினபோது அந்தப் போத்தலும் நின்றது. ஊற்றுகிற கள்ளில் ஒரு கிண்ணம் கேட்கலாம்தான். ஒழுங்கைமுனையில் சோதனைச்சாவடி. அப்பத்துக்கு என்று சொன்னால் நம்புவார்களா?

ஈஸ்ற் வாங்கப் போனேன். முடிந்துவிட்டது என்றார் கடைக்காரர். சீனியும் ஆளுக்கு ஒரு கிலோதான். எனக்கு முன் நின்றவர் மூன்று பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார், ஆளுக்கொரு கிலோ வாங்க. என்ன விசேஷம் என்று கேட்டேன். பிறந்தநாள் என்றார்.

யாருக்கு என்று கேட்டேன். பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள்.