கோடைக்கு ஒரு ஜெர்மன் ஆய்வகம்

இந்தியாவில் அறிவியலோ பொறியியலோ படிக்கும் இளநிலை மாணவர், கோடை விடுமுறையில் ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள ஓர் ஆய்வகத்தில் இரண்டு மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு வருவதற்கென்றே ‘வைஸ்’ என்றொரு திட்டம் இருக்கிறது. நடத்துவது ‘டாட்’ எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு. 1925இல் ஹைடல்பெர்க்கில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் தலைமையகம் இன்று பான் நகரில் இருக்கிறது. மாத உதவித்தொகை, பயணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அது தருகிறது. சென்னைக்கும் ஜெர்மன் தொழில்நுட்பக் கல்விக்கும் உறவு பழையது. 1959இல் கிண்டிக் காட்டை ஒட்டி ஐஐடி எழுந்ததே மேற்கு ஜெர்மனியின் உதவியால்தான்.

இந்தத் திட்டம் பணம் தருமே தவிர, ஆய்வகம் தேடித் தராது. பலருக்கும் கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான். உதவித்தொகை கிடைத்த பிறகு பேராசிரியரிடம் இடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் இரண்டும் கிடைக்காது. ‘இந்த மாணவரை இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன்’ என்று ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 1. ஆக, அடுத்த மே மாதப் பயணத்துக்கான வேலை இந்த ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய நிறுவனங்களில் விடுதிச் சீனியர்கள் இதை நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார்கள். சிறு ஊர்க் கல்லூரியில் படிப்பவர் காதில் சேதி விழும்போது தீபாவளி முடிந்திருக்கும். மதிப்பெண்ணில் உள்ள இடைவெளியைவிட இந்த மூன்று மாத இடைவெளிதான் அதிகம் பேரை வடிகட்டுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. எந்தக் கல்லூரி, எத்தனையாவது செமஸ்டர், எவ்வளவு சிஜிபிஏ என்ற தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் வாங்க ஒரே வழி மின்னஞ்சல். ‘உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது’ என்று தொடங்கும் மின்னஞ்சலை உலோகவியல் பேராசிரியருக்கும் அனுப்பலாம், மரபணு ஆய்வாளருக்கும் அனுப்பலாம். பதில் வராததற்கு அதுவே காரணம். பெண் பேராசிரியருக்கு ‘டியர் சார்’ என்று போகிறவையும் குறைவில்லை. பதில் வாங்கித் தருகிற மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போகாது. அந்தக் குழு அண்மையில் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் படித்ததற்கான தடயம் முதல் இரண்டு வரியில் இருக்கும். கட்டுரையைப் புகழ்வதைவிட, அதில் வரும் அளவீடு ஒன்றைப் பற்றி நேர்மையான ஒரு சந்தேகம் கேட்பது நல்லது. அடுத்து, மாணவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது: பைத்தானில் தரவுகளைப் பகுக்கத் தெரியும், எக்ஸ்ஆர்டி எனப்படும் எக்ஸ்-கதிர்க் கருவியில் மாதிரி வைத்து ஓட்டியிருக்கிறார் என்பதுபோல. பிறகு வரக்கூடிய தேதிகள். கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பலன் தருகிற வரி: செலவை டாட் ஏற்கும், ஆய்வகத்துக்கு ஒரு சென்ட் செலவில்லை. ஒரு பக்கத் தன்விவரமும் மார்க் ஷீட்டும் இணைப்பில் போதும்.

துறையின் மூத்த பேராசிரியரைவிட, அண்மையில் சொந்தக் குழு தொடங்கிய இளையவர்களிடமிருந்து பதில் வரும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு ஆள் தேவை. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் மௌனமென்றால் அடுத்தவரைப் பார்க்க வேண்டியதுதான். தேதி கேட்கும்போது ஜெர்மன் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். அங்கே கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடியும். ஆகஸ்டில் பாதி ஆய்வகம் விடுப்பில் போய்விடும். மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை கேட்பவருக்கு வழிகாட்ட ஆள் இருக்கும். நம்மூர்ச் செமஸ்டர் தேர்வு அதற்குள் முடியுமா என்பது வேறு கவலை. துறைத் தலைவரிடம் அதை முன்கூட்டியே பேசி, தடையில்லாச் சான்றும் போனஃபைடு சான்றிதழும் சீலோடு வாங்கி வைப்பது நல்லது.

ஜெர்மனி மட்டும்தான் வழி என்றில்லை. கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் திட்டத்தில் கடிதம் தேடி அலைய வேண்டியதில்லை. பேராசிரியர்கள் தந்த ஆய்வுத் தலைப்புகளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தால் போதும், பன்னிரண்டு வாரம். ஆனால் அதற்கான காலக்கெடு செப்டம்பரிலேயே வந்துவிடும். பிரெஞ்சுத் தூதரகம் தரும் சார்பாக் உதவித்தொகையில் ஆய்வக இன்டர்ன்ஷிப்புக்குத் தனிப்பிரிவு உண்டு. 2017இல் இந்தியா இணை உறுப்பு நாடான பிறகு ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் நடத்தும் கோடைத் திட்டத்திலும் இந்திய மாணவர்களுக்கு இடமிருக்கிறது.

பெயர் பெரிதாக இருந்தால் பணமும் வரும் என்று நம்பிவிடக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபைத் தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. 2015இல் ஜெனீவாவில் அப்படிச் சேர்ந்த 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க முடியாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தன் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது. இவற்றையெல்லாம்விட மோசமானவை, மாணவரிடமே லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு ‘வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்’ ஏற்பாடு செய்து தரும் ஏஜென்சிகள். அந்தப் பணத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சான்றிதழும் சில சுற்றுலாப் படங்களும்தான்.

உதவித்தொகை உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பணப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நிம்மதியடையும் அந்த நாளில்தான் அது தொடங்குகிறது. உதவித்தொகை பின்னால் வரும். செலவு முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் போய்வர மே மாத டிக்கெட், எப்போது எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அறுபதாயிரத்திலிருந்து தொண்ணூறாயிரம்வரை. அறைக்கு முதல் மாத வாடகை, அதோடு முன்பணம். மூன்று மாத வாடகைவரை முன்பணம் கேட்க ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. முதல் சில வாரச் சாப்பாட்டுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் கொஞ்சம் யூரோ. ‘முழுச் செலவும் எங்களுடையது’ என்று சொல்லும் திட்டத்தில் தேர்வான மாணவருக்குக்கூட ஏப்ரல் மாதம் கையில் ஒன்றரை லட்சம் ரூபாயாவது புரள வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் பின்வாங்கியவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

கல்விக் கடன் இதற்கு உதவாது. பட்டப்படிப்பு அட்மிஷன் கடிதத்தைத்தான் வங்கி கேட்கும்; இரண்டு மாத ஆய்வக வேலைக்கு அப்படியொன்று கிடையாது. தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நடைமுறைத் தீர்வு நகைக்கடன்தான். அம்மாவின் வளையலை ஏப்ரலில் அடகு வைத்து, உதவித்தொகையில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு செப்டம்பரில் மீட்பது. ஐந்து மாத வட்டிதான் நஷ்டம் என்று பார்த்தால் இது மோசமான ஏற்பாடு இல்லை. அடகு வைக்க நகை இருக்கும் வீட்டுக்கு மட்டும். இல்லாதவர்கள் முன்னாள் மாணவர் சங்கத்தையும் ஊர்ப் பெரியவர்கள் நடத்தும் அறக்கட்டளைகளையும் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களையும் அணுகுகிறார்கள். அங்கே கேட்கும்போது ‘வெளிநாடு போக உதவுங்கள்’ என்பதைவிட, தேர்வுக் கடிதத்தின் நகலைக் காட்டி, ‘டிக்கெட்டுக்கு எழுபதாயிரம் வேண்டும், பயணத் தொகை வந்ததும் திருப்பித் தருகிறேன்’ என்று கேட்பதற்கு மரியாதை அதிகம். கல்லூரிகளே இப்படி ஒரு சுழல்நிதி வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். வருடத்துக்குப் பத்து மாணவர்களுக்கு முன்பணம் தர பதினைந்து லட்சம் போதும். திரும்பி வரும் பணம் என்பதால் அடுத்த ஆண்டும் அதே தொகை கைகொடுக்கும்.

விசா விஷயத்தில் 90 நாள் என்பதுதான் எல்லைக்கோடு. இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டையும் சேர்த்து அதற்குள் அடங்கினால் ஷெங்கன் விசா போதும். 2024 ஜூனிலிருந்து அதன் கட்டணம் 90 யூரோ. டாட் உதவித்தொகை பெறுவோருக்குக் கட்டண விலக்கு உண்டு, விசா சேவை மையத்தின் கட்டணத்தை மட்டும் கட்ட வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் கோடை நெருங்கினால் சென்னையில் அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பதே பெரும்பாடு. 90 நாளைத் தாண்டினால் தேசிய விசா, அதற்கு வேறு நடைமுறை. உதவித்தொகை இல்லாமல் படிக்கப் போகிறவர் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் இவ்வளவு என்று மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். அதாவது மாதம் 992 யூரோ. தேர்வுக் கடிதத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். அப்பாவின் வங்கிக் கணக்கில் திடீரென்று ஏறிய நான்கு லட்சத்துக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கடிதம் ஒன்றே நிதிச் சான்று.

அறையை உள்வாடகைக்குத் தேடலாம். சில மாதம் வெளியூர் போகும் ஜெர்மன் மாணவர்கள் தங்கள் அறையை இரண்டு மூன்று மாதத்துக்கு அப்படி விடுவார்கள். மியூனிக்கில் உதவித்தொகையில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். டிரெஸ்டனிலோ கெம்னிட்ஸிலோ கையில் மிஞ்சும். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊரின் வாடகையையும் பார்ப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. அறையை யாரும் நேரில் பார்க்காமல், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்பவருக்கு முன்பணம் அனுப்பக் கூடாது.

பெட்டியில் இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் போகலாம். நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை தரையிறங்குகிறவர் அன்றே அரிசி வாங்கிவிட வேண்டும். குடித்துத் தீர்த்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

வார இறுதிகளுக்கு ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025இல் 58, 2026இல் 63 யூரோ ஆனது. மாதம் முழுக்க நாட்டின் எல்லா உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும். ஐசிஇ அதிவேக ரயிலில் செல்லாது. சந்தா முறை என்பதால், கடைசி மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறந்தவருக்கு ஊர் திரும்பிய பிறகும் ஒரு மாதப் பணம் பிடிக்கப்படும்.

ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் இந்த டிக்கெட்டோடு ஆர்இ-1 வட்டார ரயிலில் ஏறினால் ஒரு மாநிலத்தின் குறுக்கே போய்விடலாம். ஆகன் பேராலயம் 1978இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முதல் ஜெர்மன் சின்னம். கொலோனில் இறங்கி நிலையத்துக்கு வெளியே வந்தால், நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே பேராலயத்தின் கரிய சுவர் எதிரே நிற்கும். டுசல்டார்ஃப், டோர்ட்முண்ட் தாண்டி ரயில் ஹாம் நகரில் முடிகிறது. அங்கிருந்து பேருந்தில் ஊன்ட்ராப் போனால், தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு தென்னாட்டுக் கோபுரம். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில் அது. கோடைத் திருவிழாவில் தேர் ஓடும், காவடி ஆடும். தீர்த்தவாரி டாட்டெல்ன்–ஹாம் கால்வாயில் நடக்கும். இன்டர்ன்ஷிப் காலமும் திருவிழாக் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமையும்.

காகித வேலைகள் ஜெர்மனியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடிய வேண்டும். டாட் கேட்கும் இறுதி அறிக்கை, கல்லூரியில் கிரெடிட் பெறுவதற்கான சான்றிதழ், மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரின் சம்மதம் ஆகிய மூன்றையும் ஜூலை மூன்றாம் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆகஸ்டில் அனுப்பும் மின்னஞ்சலுக்கு, செப்டம்பரில்தான் அலுவலகம் திரும்புவேன் என்ற தானியங்கிப் பதில்தான் வரும்.