யாம் செவிக்கருவி திருத்திய வரலாறு

எம் பாட்டனார் திருச்சபைப் பாடகர் குழுவில் நாற்பதாண்டு கீழ்க்குரல் பாடியவர்; 2021-ஆம் ஆண்டிற் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 2019-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அக்குழு நான்கு குரலிற் பாடிய பாமாலைப் பாட்டொன்று எம் தந்தையார் கைப்பேசியிற் பதிவாகியுள்ளது. பாட்டனார் குரலுக்கு அஃதன்றி வேறு சுவடு எம் இல்லத்தில் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் 400 ரூபாய்க்கு இயர்போன் ஒன்று வாங்கி அப்பதிவைக் கேட்டோம், கேட்டு வருந்தினோம். பெண்டிர் மேற்குரல் ஊசியெனப் பாய்ந்தது. ‘ஸ்தோத்திரம்’ என்னுஞ் சொல் வருந்தொறும் அதன் முதலெழுத்துச் செவியைக் கீறிற்று. பாட்டனார் குரலோ அடுத்த வீட்டுப் பேச்சுப்போல் மங்கிக் கிடந்தது. கைப்பேசியிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வழியுண்டென நண்பரொருவர் கூறினார். ஆயினும் விடுமுறையிற் கையைச் சும்மா வைத்திருத்தல் எமக்கு இயலாது.

நிற்க. இக்கருவியினுள்ளே காந்தமும், கம்பிச்சுருளும், அச்சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வும் உள. மின்னோட்டம் பாயுங்கால் சுருள் அசைய, உடன் அசையுஞ் சவ்வு காற்றை உந்துகின்றது. எம் கருவியிற் சவ்வின் முன்புறத்தே ஊசிமுனையளவான துளையொன்று இருந்தது. செவிக்குழியின் காற்றழுத்தம் அதன் வழியே கசிதலாற் கீழொலி குன்றும். அதனை மூடின் கீழொலி பெருகும். இரப்பர் முனை செவியில் நெகிழ்ந்திருப்பினும் இக்குறையே நேரும். ஆதலின் முதற்கண் பெரிய முனையை மாட்டிப் பார்த்தல் நன்று. இதனை யாம் இறுதியிலேயே அறிந்தோம்!

நெதானியேல் பால்டுவின் என்னும் அமெரிக்கர் 1910-ஆம் ஆண்டளவில் தம் வீட்டு அடுக்களையிலேயே செவிக்கருவி செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். யாமும் அடுக்களையையே நாடினோம். ஆங்கே ஆச்சி கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். காயத்துக்கு ஒட்டுங் காகிதப் பிளாஸ்திரியை மிளகளவு நறுக்கித் துளையின்மேல் ஒட்டினோம். ஸகரத்தின் கூர்மை மழுங்குமாறு, குழல்முனையின் வலைத்தகட்டைப் பெயர்த்து, நுரைப்பஞ்சுத் துணுக்கைச் செருகினோம். ஒருபுறத்துப் பஞ்சு உள்ளே நழுவிற்று. அதை மீட்பதிலேயே அன்றைய முற்பகல் கழிந்தது.

பின்னர்க் கேட்டோம். பாட்டனார் குரல் எழுந்தது! பெருமகிழ்வோடு அதனை ஆச்சிக்கு அணிவித்தோம்.

ஆச்சி சிறிது கேட்டு, “தாத்தா இப்படி இரைந்து பாடமாட்டார்களே, ஐயா. மற்றவர் குரல் கேட்கும்படி அடங்கியல்லவா பாடுவார்கள்?” என்றார்கள்.

யாம் நாணினோம். எம் ஆசை பாட்டனாரைக் குழுவினின்று பிரித்து முன்னே நிறுத்திவிட்டது. நாற்பதாண்டு அக்குரலைப் பின்வரிசையிலிருந்து கேட்ட செவி எம்முடையதன்று.

பிளாஸ்திரியிற் குண்டூசியால் ஒரு துளையிட்டுக் கேட்பித்தோம். “இன்னும் அடங்கட்டும்” என்றார்கள். மற்றொன்றிட்டோம். ஆச்சிக்கு இடச்செவி சற்று மந்தம். ஆதலின் இடப்புறம் இரண்டும் வலப்புறம் மூன்றுமாக அமைந்தன. அப்பொழுது கையிலிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தார்கள். பாட்டு முடியுமளவும் ஒன்றும் உரைத்திலர்.

அக்கருவி இப்பொழுது ஆச்சியின் வேதாகம உறைக்குள் இருக்கின்றது. எமக்கு வேறொன்று வாங்கத் தந்தையார் 400 ரூபாய் தருவதாகக் கூறியுள்ளார்.