99.7 விழுக்காடு

கே2-18பி என்ற கோளைப் பற்றி 2025 ஏப்ரலில் நான் எழுதிய செய்திக்கு வைத்த தலைப்பு, ‘வேற்றுலகில் உயிர்: 99.7 விழுக்காடு உறுதி’. பொய் என்று தெரிந்தே வைத்தேன். அவசரத்தில் நேர்ந்துவிட்டது என்று சிலரிடமும், ஆங்கில அறிக்கை குழப்பமாக இருந்தது என்று சிலரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். இரண்டும் உண்மை இல்லை.

ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு ஓர் இணையத் தமிழ்ச் செய்தித் தளத்துக்கு அறிவியல் எழுதுகிறேன். கட்டுரைக்கு இத்தனை வெள்ளி என்று கணக்கு. எழுதுவது, படம் தேடுவது, பதிவேற்றுவது எல்லாம் நானே. இடையில் படித்துப் பார்க்க ஆள் கிடையாது. ஆகவே பழியைப் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை.

அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அறிக்கை என் முன்னே திறந்திருந்தது. நிக்கு மதுசூதனன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கோளின் காற்றை ஆராய்ந்திருந்தது. பூமியைப் போல் 8.6 மடங்கு நிறை கொண்ட கோள். அதில் டைமெத்தில் சல்பைடோ டைமெத்தில் டைசல்பைடோ, அல்லது இரண்டுமோ இருப்பதற்கான தடயம் ‘மூன்று சிக்மா’ அளவில் தெரிகிறது என்றார்கள். நம் பூமியில் இவற்றைப் பெரும்பாலும் கடலின் நுண்பாசிகளே உண்டாக்குகின்றன. மூன்று சிக்மா என்றால், அப்படியொரு தடயம் தற்செயலாகத் தோன்ற 0.3 விழுக்காடு வாய்ப்பு.

நூறிலிருந்து 0.3 போனால் 99.7. கழித்தல் சரிதான். ஆனால் அந்த 0.3 வேறொரு கேள்விக்கு விடை: அங்கே அந்த வாயு துளியும் இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் இரைச்சலே இப்படியொரு தடயத்தைக் காட்டிவிட எவ்வளவு வாய்ப்பு? வாயு உண்மையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதை உண்டாக்கியது உயிர்தானா என்பது அதற்கும் அடுத்தது. இயற்பியல் படித்தவன் நான். இந்த வேறுபாடு எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் பேராசிரியர்கள் வருந்துவார்கள்.

அறிக்கையில் இன்னொரு பத்தியும் இருந்தது. கண்டுபிடிப்பு என்று ஏற்க ஐந்து சிக்மா வேண்டும், அதாவது தற்செயல் வாய்ப்பு 0.00006 விழுக்காட்டுக்கும் கீழே போக வேண்டும். அதற்கு வெப் தொலைநோக்கியில் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் பார்க்கத் தேவைப்படலாம். நமக்குத் தெரியாத வேதிவினை ஏதாவது இதைச் செய்யக்கூடும் என்ற மதுசூதனனின் எச்சரிக்கையும் அதில் இருந்தது. அந்தப் பத்தியை நல்ல தமிழில் பெயர்த்து முடித்தேன். ஒருமுறை படித்தும் பார்த்தேன். பிறகு மொத்தமாக நீக்கினேன். அது இருந்தால் தலைப்பு நிற்காது.

படத்துக்குப் பச்சை உடம்பும் பெரிய கண்ணும் கொண்ட ஓர் உருவத்தைப் போட்டேன். எல்லாம் மெய்யாகவே உறுதிப்பட்டாலும் அங்கே இருக்கப்போவது பாசி. 2015இல் ஜொகூர் நீரிணையில் நுண்பாசி பெருகிக் கூண்டு மீன்கள் செத்து மிதந்ததைப் பார்த்த ஊர் இது. ‘அந்த மாதிரி உயிர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்கள் மக்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். வியப்பும் குறைந்திருக்காது. தனித்தனியே இரண்டு இடத்தில் பாசி தோன்றியது என்றால், அண்டம் முழுக்க உயிர் சர்வசாதாரணம் என்றாகிவிடும். பச்சை மனிதனைவிடப் பெரிய செய்தி அது. எழுதத் தெரிந்தும் எழுதவில்லை.

இதற்கும் மோசமான ஒன்று உண்டு. முதல் பதிவில் மதுசூதனனைத் ‘தமிழர்’ என்று எழுதியிருந்தேன். அவர் இந்தியாவில் பிறந்து வாரணாசியில் பொறியியல் படித்து எம்.ஐ.டி.யில் முனைவரானவர் என்பது வரைதான் எனக்குத் தெரியும். பெயர் காதுக்கு நம்மவர் போல் இருந்தது, போட்டுவிட்டேன். கூலாயிலிருந்து ஒரு வாசகர் எந்த ஊர்த் தமிழர் என்று கேட்டதும், சத்தமில்லாமல் ‘இந்தியர்’ என்று மாற்றினேன். திருத்தம் என்று ஒரு சொல் போடவில்லை.

‘நம்மவர்’ என்றதும் எனக்குக் கண் மறைப்பது அதுதான் முதல்முறையா என்றால், இல்லை. 2010 செப்டம்பரில் ஒரு பிரிட்டிஷ் செய்தித்தாள், வேற்றுலகவாசிகள் வந்தால் வரவேற்க ஐ.நா. ஒரு தூதரை நியமிக்கப்போகிறது, அவர் மலேசிய வானியற்பியலாளர் மஸ்லான் ஒத்மான் என்று எழுதியது. ஐ.நா.வின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கு அப்போது அவர்தான் இயக்குநர். சிரம்பானில் பிறந்தவர், இந்த நாட்டின் முதல் வானியற்பியலாளர். செய்தியை உலகமே எடுத்துப் போட்டது. நானும் எழுதினேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஓரிரு நாளில் அவரே மறுத்தார். அவர் பேசவிருந்தது பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களை நாடுகள் சேர்ந்து எதிர்கொள்வது பற்றி. மறுப்பைப் படித்தேன். அதை எழுதவில்லை. என் செய்தியைப் படித்துப் பெருமைப்பட்டவர்களிடம் போய், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்கு நாலு வருடம் முன்பு எண்டாவ் ரொம்பின் காட்டில் ராட்சதக் குரங்கு மனிதன் என்று ஜொகூரே அமளிப்பட்டபோது, நம்பியவர்களைக் கேலி செய்தவனும் நான்தான்.

கே2-18பி விஷயத்தில் மறுப்பு சீக்கிரமே வந்தது. சில நாள்களில் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் அதே தரவை எடுத்து, நேர்கோடு ஒன்றே அதற்குப் போதும், வாயுவின் தடயம் எதுவும் துலங்கவில்லை என்று காட்டினார். மதுசூதனனின் மாணவராக இருந்த லூயிஸ் வெல்பேங்க்ஸும் சகாக்களும், வேறு பல மூலக்கூறுகளும் அந்தத் தரவுக்கு அதே அளவு பொருந்தும் என்றார்கள். டைமெத்தில் சல்பைடு 67பி வால்மீனிலும் இருக்கிறது என்பது 2024லேயே வெளிவந்த விஷயம். வால்மீனில் பாசி கிடையாது. எல்லாவற்றையும் ஆர்வமாகப் படித்தேன். தொடர்கட்டுரை எழுத நல்ல பொருள். ஆனால் எழுதினால் பழைய தலைப்பின் இணைப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த வாரம் ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அழைத்தார். என் செய்தியைப் புலனக் குழுவில் பார்த்து, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு வாசித்திருக்கிறார்.

“தம்பி, அந்த 99.7 எப்படி வந்துச்சு? ஆறாம் ஆண்டுப் பையன் ஒருத்தன் கேக்குறான். மிச்சம் 0.3 என்னாச்சுன்னு.”

கேட்டது சரியான கேள்வி. பையனுக்குப் புரியும்படி ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

“கேம்பிரிட்ஜ்ல அப்படித்தான் சொல்லியிருக்காங்க, சார்” என்றேன்.

கேம்பிரிட்ஜ் அப்படிச் சொல்லவில்லை. தலைப்பையாவது பசிக்கு வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தொலைபேசியில் சொன்னதற்கு யாரும் ஒரு வெள்ளிகூடத் தரவில்லை. ‘இந்த ஊரில் அறிவியல் தெரிந்தவன்’ என்று அவர் என்னை நினைத்திருந்தார். அந்த நினைப்பு கெடக்கூடாது என்பதற்காகவே சொன்னேன். “ரொம்ப நன்றி தம்பி” என்று வைத்துவிட்டார்.

அந்தச் செய்தி இன்னும் அதே தலைப்போடு இருக்கிறது. கடவுச்சொல் என்னிடம்தான். மாற்ற இரண்டு நிமிடம் போதும். மாற்றினால் தலைமையாசிரியர் பார்ப்பார், தப்பு என்று எப்போது தெரிந்தது என்று கேட்பார். எழுதும்போதே தெரியும் என்று சொல்ல வேண்டும்.