தம்பியின் ஐந்து வளையங்கள்

மைசூரு இரயில்வே குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒருவன் இருந்தான். அவனுடைய முதற் பிறந்தநாளுக்கு வந்த பரிசுகளுள் மின்கலத்தால் ஓடும் மகிழுந்தும் ஒன்று. பொத்தானை அழுத்தினால் அது விளக்கை எரித்து, பாட்டொன்றைப் பாடி, சுவரில் முட்டித் திரும்பும். குழந்தை அதனை மூன்று நாள் வியந்து பார்த்தான். நான்காம் நாள் திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மகிழுந்தே செய்துவிட்டால் குழந்தைக்கு அங்கு என்ன வேலை?

அவனுக்கு வேலை கிடைத்த இடம் சமையலறை. காலைக் காபி முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைத்த வடிகட்டியை நோக்கித் தவழ்ந்தும் நடந்தும் சென்றுவிடுவான். கீழ்ப்பாத்திரம், அடியில் துளைகள் உடைய மேற்பாத்திரம், காம்புள்ள சல்லடைத் தட்டு, மூடி என அதில் நான்கு உறுப்புகள் உள்ளன. ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால் 'டக்' என்ற ஓசை எழும். தவறாக வைத்தால் ஆடும். அந்த ஓசைக்காக அவன் அரை மணி நேரம் உழைப்பான். வடிகட்டி கிடைக்காத நாளில் சம்புடங்களை ஒன்றுக்குள் ஒன்றாக இடுவான். அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களைக் கடுகுடன் தரையில் கவிழ்ப்பான். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த ஆச்சி இதைப் பார்த்து, "இவனுக்குக் கடைப் பொம்மை எதற்கு? நாங்கள் செப்புச் சாமான் வைத்து விளையாடியதும் இப்படித்தானே!" என்று சிரித்தார். அம்பாசமுத்திரத்து மரச் செப்புகள் தென்மாவட்டங்களில் பெயர் பெற்றவை.

ஏழாம் வகுப்பில் பயிலும் அக்காளுக்கு மட்டும் இதில் நிறைவில்லை. தம்பிக்கு அறிவை வளர்க்கும் விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று தந்தையை நச்சரித்தாள். பொருட்காட்சிக்குச் சென்றபோது, பழங்களின் வடிவங்களைக் குழிகளில் பொருத்தும் பலகை ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொரு பழத்தின் மீதும் பிடிப்பதற்காகச் சிறு குமிழ் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

மறுநாள் மாலை அன்னாசிப் பழத்தின் குமிழைக் காணவில்லை. குழந்தையின் ஒரு கன்னம் மட்டும் சற்றே புடைத்திருந்தது. தாய் ஓடிவந்து அவன் தலையைத் தாழ்த்திப் பிடித்து, கன்னத்தின் ஓரத்தில் தெரிந்த குமிழைச் சுண்டுவிரலால் வெளியே தள்ளினாள். குழந்தை வீறிட்டு அழுதான். அழுகை கேட்ட பின்னரே எல்லோருக்கும் மூச்சு வந்தது. அக்காள் மட்டும் பேசாமல் பலகையை எடுத்துக்கொண்டு போய்த் தன் புத்தகப் பைக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். அன்றிரவு அவள் சரியாக உண்ணவில்லை. தந்தை அதைக் கண்டும் கடிந்துகொள்ளவில்லை. அளவறியாமல் வாங்கியதுதான் பிழை என்று கூறி, அந்த அளவை அவளுக்கு விளக்கினார்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க உருளை வடிவக் கருவி ஒன்று உண்டு. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ எவ்விதத்திலும் அழுத்தப்படாமல் அதனுள் முழுமையாக அடங்கிவிட்டால், அது குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இவ்விதிக்கு விலக்கும் உண்டு. பதிவு பெற்ற கைவினைஞர்களின் படைப்புகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அம்முத்திரை வேண்டியதில்லை. அவற்றை வாங்குவோர் தம் கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும்.

அக்காள் தன் வடிவியல் பெட்டியைத் திறந்தாள். பழைய திருமண அழைப்பிதழின் தடித்த அட்டையைச் சுருட்டி, ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றைச் செய்தாள். பின்பு வீடு முழுவதும் சோதனை நடந்தது. அன்னாசிக் குமிழ் குழாய்க்குள் விழுந்தது. புளியங்கொட்டை, கொட்டைப்பாக்கு, பேனா மூடி, ஒரு ரூபாய் நாணயம் யாவும் விழுந்தன. ஆச்சி ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பல்லாங்குழிச் சோழிகளும் ஒன்றுவிடாமல் விழுந்தன. ஆச்சிக்கு வருத்தந்தான், எனினும் தாமே அவற்றைத் துணியில் முடிந்து பரண்மேல் ஏற்றச் சொன்னார். மின்கல மகிழுந்தின் அடிமூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்பதையும் தந்தை பார்த்துக்கொண்டார். பொத்தான் வடிவ மின்கலம் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கினால் அதையே அரித்துவிடும்.

அடுத்த ஞாயிறன்று குடும்பத்தினர் இரயிலேறிச் சென்னபட்டணம் சென்றனர். மைசூருவுக்கும் பெங்களூருவுக்கும் இடையில் உள்ள அவ்வூர் மரப்பொம்மைகளால் புகழ் பெற்றது. அவற்றைச் செய்யப் பயன்படும் மென்மரம் நம்மூரில் வெட்பாலை எனப்படுவது; அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறம் பெறும் என்று ஆச்சி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பட்டறையில் ஒருவர் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினார். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படிந்தது. தாழை ஓலையால் தேய்த்ததும் அது கண்ணாடிபோல் பளபளத்தது. மஞ்சள், அவுரி முதலிய தாவரச் சாயங்கள் கலந்த அரக்கு என்பதால், குழந்தை வாயில் வைத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை என்றார் அவர்.

அங்கே அக்காளின் கண் இந்திய வரைபடத் துண்டுப் புதிரின் மேல் விழுந்தது. இவ்வகைப் புதிரை 1760களில் இலண்டனில் செய்தவர் ஜான் ஸ்பில்ஸ்பரி. நிலவரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே அறுத்து, புவியியல் கற்பிக்கப் பயன்படுத்தினார். நல்ல புதிர்தான். எனினும் அது யாருக்கு வேண்டும் என்று தந்தை கேட்டபோது, அக்காள் தரையைப் பார்த்தாள்.

முடிவில் இரண்டு வளையக் கம்பங்கள் எஞ்சின. இரண்டிலும் ஐந்து வளையங்கள். ஒன்றின் கம்பம் ஒரே பருமன் உடையது. எந்த வளையத்தை எந்த வரிசையில் இட்டாலும் ஏற்கும். மற்றொன்றின் கம்பம் அடியில் பருத்து மேலே சிறுத்தது. சிறு துளையுள்ள வளையத்தை முதலில் இட்டால் பாதியிலேயே நின்றுவிடும். பிழையைப் பிறர் சொல்ல வேண்டாம், பொருளே சொல்லிவிடும். மழலையர் கல்வி பயின்ற தாய்க்கு உடனே மரியா மாண்டிசோரி அம்மையாரின் நினைவு வந்தது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த அவர், பத்து உருளைகளும் பத்துக் குழிகளும் கொண்ட கட்டைகளைக் குழந்தைகளுக்காக அமைத்தவர். ஓர் உருளையை மாற்றி வைத்தால் இறுதியில் ஒன்று இடமின்றி நிற்கும். குழந்தை தானே திரும்பிப் பார்க்கும்.

குழந்தை சிறுத்த கம்பத்தில் சிறிய வளையத்தை இட்டான். அது நடுவில் நின்றது. கைவினைஞர் அவ்வளையத்தைக் காட்டி, "சிக்கது" என்றார். வளையம் சிக்கிக்கொண்டதைத்தான் சொல்கிறார் என்று எண்ணி அக்காள் தலையசைத்தாள். அடுத்துப் பெரிய வளையத்தைக் காட்டி, "தொட்டது" என்றபோது, யார் எதைத் தொட்டது என்று விழித்தாள். கன்னடத்தில் சிறியதும் பெரியதும் அவை என்று தந்தை விளக்கியதும் எல்லோரும் சிரித்தனர். குழாயை எடுத்து ஐந்து வளையங்களையும் சோதித்தாள் அக்காள். ஒன்றும் உள்ளே விழவில்லை. சிறுத்த கம்பத்தையே வாங்கினர்.

வீட்டில் வேறொரு தொல்லை தொடங்கியது. தம்பி தவறான வளையத்தை எடுக்கும்போதெல்லாம் அக்காள் அதைப் பறித்துச் சரியானதைக் கையில் திணித்தாள். இரண்டு நாள் பொறுத்த தம்பி, மூன்றாம் நாள் அவளைக் கண்டதும் வளையங்களை வீசி எறிந்துவிட்டு வடிகட்டியை நோக்கிப் போய்விட்டான். தன்னை அவன் வெறுப்பதாக எண்ணி அக்காளின் கண்கள் கலங்கின. "நீ செய்து முடித்துவிட்டால் அவனுக்கு என்னம்மா மிச்சம்? சும்மா பக்கத்தில் இரு" என்றார் ஆச்சி.

அன்று மாலை அக்காள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சுவரோரம் அமர்ந்தாள். தம்பி சிறிய வளையத்தை முதலில் இட்டான். அது மேலேயே நின்றது. பெரியதை அதன்மேல் வைத்தான். கீழே இடைவெளி. குனிந்து அந்த இடைவெளிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தான்; அக்காளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அசையவில்லை. அவன் இரண்டையும் கழற்றினான். நெடுநேரம் கழித்துப் பெரிய வளையம் 'டக்' என்று அடியில் அமர்ந்தது.

"தொட்டது" என்றாள் அக்காள், மிக மெதுவாக.