புதுக் காரும் பழக்க வேண்டிய காளைதான்

டிராக்டர், பவர் டில்லர், ஆழ்குழாய் மோட்டார் என்றால் நாம் தயங்காமல் நாலு பேரிடம் கேட்டு வாங்குவோம். நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கும் எழுதிக் கேட்போம். கார் என்று வந்தால் மட்டும் ஒரு கூச்சம். சம்சாரி வீட்டு வாசலில் கார் நின்றால் ஊரில் இரண்டு பேச்சு வரும். ஒன்று, "நிலத்த வித்துட்டான் போல." இன்னொன்று, "மகன் காசு பேசுது." இதற்குப் பயந்தே யாரையும் கேட்காமல் அவசரமாக வாங்கி, பிறகு தவணைக்குத் திண்டாடும் வீடுகளைப் பார்க்கிறேன். அதனால் எங்கள் வீட்டுக் கணக்கை இங்கே திறந்து வைக்கிறேன்.

கப்பலூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். ஒன்றில் மல்லிகை, மீதியில் மக்காச்சோளம். மகனுக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. எங்கள் அய்யாவுக்கு வயது எழுபத்தாறு. மாதம் இரண்டு தடவை மதுரைக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். வாடகைக் காருக்கு ஒவ்வொரு நடைக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ராத்திரி நேரத்தில் தோட்டத்து வீட்டுக்கு வாடகை வண்டி வர யோசிக்கும். கார் வாங்குவது என்று முடிவானதற்கு இதுதான் காரணம்.

எந்தக் கார் என்பதில் வீட்டில் மூன்று கட்சி. மகனுக்குத் துடிப்பான வண்டி வேண்டும்: "அப்பா, எடுத்தா ஸ்விஃப்ட் எடுக்கணும்" என்றான். என் மனைவிக்கு வரப்புப் பாதையில் அடி தட்டாத உயரமான வண்டி வேண்டும். அய்யா, "நான் குனிஞ்சு கெஞ்சாம ஏறுற மாதிரி பாரு, அது போதும்" என்றார்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது?

ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு வந்தது 2005இல். இப்போது விற்பது 2024 மே மாதம் வெளிவந்த நான்காம் தலைமுறை. 1,197 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஏறக்குறைய 82 குதிரைத்திறன். இந்தத் திறன் நம் ஊர் டிராக்டரில் இருந்தால் பெரிய விஷயம், காரில் நடுத்தரம்தான். ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதனால்தான் மிதித்தவுடன் துள்ளுகிறது. காளையில் எப்படியோ அப்படித்தான்: கனத்த மாடு பாரம் இழுக்கும், ஒல்லியான மாடு ஓட்டம் எடுக்கும்.

துள்ளலுக்கு ஒரு விலையும் உண்டு. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 163 மில்லிமீட்டர்தான். டாடா பஞ்ச் போன்ற உயரமான சின்ன வண்டியில் அது 187. இரண்டு விரல்கடை வித்தியாசம்தானே என்று தோன்றும். நாலு பேர் ஏறி, டிக்கியில் பூக்கூடையும் ஏறினால் வண்டி இன்னும் அமிழும். அப்போதுதான் அந்த இரண்டு விரல்கடையின் அருமை தெரியும்.

ஓட்டிப் பார்க்க வந்த வண்டியை நாங்கள் நாலுவழிச் சாலையில் மட்டும் ஓட்டவில்லை. விற்பனையாளரிடம் சொல்லி, வீட்டார் நாலு பேரும் ஏறி, எங்கள் தோட்டப் பாதையில் வரச் செய்தோம். வாய்க்கால் மேட்டில் ஒரே இடத்தில்தான் அடி தட்டியது. அந்த மேட்டுக்கு இரண்டு டிராக்டர் கிராவல் அடித்துச் சரிவாக்கினோம். காரை மாற்றுவதைவிடப் பாதையைத் திருத்துவது மலிவு. பாதை முழுக்கக் குண்டும் குழியும் என்றாலோ, மழைக்காலத்தில் ஓடை தாண்ட வேண்டும் என்றாலோ ஸ்விஃப்ட் வேண்டாம்; உயரமான வண்டியே எடுங்கள். அய்யா, முதுகைத் திருப்பிச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பிறகு காலை உள்ளே எடுத்தார். மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "கட்ட வண்டிய விட இது லேசுதான்" என்றார்.

மகன் கேட்ட உச்ச ரகத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் 15 அங்குல அலாய் சக்கரம், பக்கச்சுவர் குறைந்த டயர். கீழ் ரகங்களில் 14 அங்குல இரும்புச் சக்கரம், பக்கச்சுவர் உயரமான டயர். நம் பக்கம் எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல முள்ளும் ஜல்லியும். கல்லில் மோதி இரும்புச் சக்கரம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். ஆறு ஏர்பேக் எல்லா ரகத்திலும் உண்டு என்பதால் உயிர்ப் பாதுகாப்பில் அந்த அளவுக்குக் குறை இல்லை. மகன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு சரியாகிவிட்டான்.

கடன் கணக்கு

4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முன்பு கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதம். தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி தனி. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் விலை என்றால் 13 சதவீதம். ஆறரை லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொண்டால் அதுவே 84,500 ரூபாய். ஆகவே ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரோட்டுக்கு வரும்போது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

கடனில்தான் சம்சாரி சறுக்குகிற இடம். 4 லட்சம் ரூபாயை 9 சதவீதம் குறையும் வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,300. வட்டி மட்டும் 98,000. ஏழு வருடம் என்றால் தவணை 6,440 ஆகக் குறையும். வட்டி 1,40,000 ஆக ஏறும். அதே 9 சதவீதத்தை 'ஃப்ளாட்' வட்டி என்று ஒருவர் சொன்னால், ஐந்து வருடத்துக்கு வட்டி 1,80,000. எண் ஒன்றுதான், பணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "குறையும் வட்டியா, ஃப்ளாட்டா? முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா?" என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மல்லிகை வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வராது. பங்குனி, சித்திரையில் கொட்டும். மார்கழியில் மொட்டே இருக்காது. தவணை மட்டும் மார்கழியிலும் வரும். அதனால் கடனை மகனின் சம்பளத்தில் எடுத்தோம். மூன்று மாதத் தவணையை முன்னதாகவே தனிக் கணக்கில் போட்டு வைத்தோம். பயிர்க்கடனையும் வீட்டு நகையையும் தொடவில்லை. பயிர்க்கடன் உரிய நாளில் கட்டினால் வட்டி மிகக் குறைவு. அந்தப் பணத்தைக் காரில் போட்டு நாள் தவறினால், சலுகையும் போகும், அடுத்த பட்டத்துக்கு விதையும் உரமும் கடனாகும்.

பல்லைப் பார்த்து வாங்குங்கள்

சந்தையில் மாடு பிடிக்கும்போது சுழி பார்ப்போம், பல் பார்ப்போம். புதுக் காருக்கும் பல் உண்டு. அது டயரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரானது. நாங்கள் போன ஷோரூமில் முதலில் காட்டிய வண்டியின் டயரில் முந்தைய வருடத்து எண் இருந்தது. கேட்டதும் முகம் சுளிக்காமல் வேறு வண்டி கொண்டு வந்தார்கள். தயாரிப்பு மாதம் ஆர்.சி.யிலும் ஏறும், நாளை விற்கும்போது விலையை அதுவும் தீர்மானிக்கும். பழைய வருட வண்டியை எடுப்பதானால் அதற்குத் தக்க தள்ளுபடியைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவுக்கு முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில், ஈரம் இல்லாமல் பாருங்கள். தண்ணீர் அடித்து நிறுத்திய வண்டியில் கீறல் தெரியாது. ஓடிய கிலோமீட்டர், கண்ணாடிகள், ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு சாவி, ஏசி எல்லாவற்றையும் சரிபாருங்கள். ஆர்.சி. போட்ட பிறகு "வேண்டாம்" என்று சொல்வது கஷ்டம்.

புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்ந்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் விதி. ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று விதி இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு அந்தத் தாளைக் காட்டியதும் எங்களுக்குச் சில ஆயிரம் குறைந்தது.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அய்யா அந்தக் காலத்தில் வண்டிக்குக் காளை பழக்குவார். முதல் நாளே பாரம் ஏற்ற மாட்டார். பழகிய மாட்டோடு நுகத்தில் பூட்டி, வெறும் வண்டியில் கொஞ்ச தூரம் நடக்க விடுவார், பிறகு மெல்ல ஓட விடுவார், நிறுத்துவார், மறுபடி நடக்க விடுவார். புது இன்ஜினுக்கும் இதே முறைதான். சிலிண்டர் சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் இருக்கும். பிஸ்டன் வளையங்கள் அவற்றோடு உரசி உரசித்தான் கச்சிதமாகப் படியும். படிவதற்குள் முழு மூச்சில் விரட்டினாலும் கெடுதல், ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் நல்லதல்ல. சரியாகப் படியாவிட்டால் பின்னாளில் ஆயில் குடிக்கும். புது டிராக்டருக்கு முதல் 50 மணி நேரம் பக்குவம் பார்க்கிறோமே, அதே கதைதான்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாங்கள் வைத்த கட்டுப்பாடு இது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது. இன்ஜின் சுற்று பெரும்பாலும் 2,000க்கும் 3,000க்கும் நடுவே இருக்க வேண்டும். மேல் கியரில் திணறவும் விடக்கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விட வேண்டியதில்லை. அரை நிமிடம் கழித்து மெதுவாக நகர்த்தினால் ஓட்டத்திலேயே சூடேறும். முதல் 300 கிலோமீட்டருக்கு, ஆபத்து நேரம் தவிர, சடாரென்று பிரேக் அடிக்கக் கூடாது. பிரேக்கும் புதிதாகப் படிய வேண்டும். இழுவை வண்டி கட்டவே கூடாது.

இதற்கு நாலுவழிச் சாலையைவிட ஊர்ச்சாலை நல்லது. திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டிக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் ஓட்டினோம். ஊர் வந்தால் 30, வெளியே 60, ஆடு குறுக்கே வந்தால் நிற்பது என வேகம் தானாக மாறும். மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஸ்விஃப்ட வாங்கி மாட்டு வண்டியா ஓட்டுறோம்" என்றான். அய்யா பின்சீட்டிலிருந்து, "பழகாத மாட்ட விரட்டுனா கால்தான்டா போகும்" என்றார். ஆயிரம் கிலோமீட்டரில் முதல் இலவச சர்வீஸ் முடிந்தது. அதன்பிறகு ஒரு நாள் கப்பலூர்–உத்தங்குடி சுற்றுச்சாலையில், விதித்த வேகத்துக்குள், மூன்றாவது கியரில் இழுத்துப் பார்க்க விட்டேன். அவன் கேட்ட துள்ளல் அப்படியேதான் இருந்தது.

தோட்டத்தில் வைத்திருப்பவர்களுக்கு

களத்துக்குப் பதிலாக ரோட்டில் பரப்பிய கொள்ளு, உளுந்துச் செடிகளின் மேல் காரை ஏற்றாதீர்கள். தாழ்வான வண்டியின் அடியில் தட்டை சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். சுற்றிவிட்டால் உடனே ஓரமாக நிறுத்தி எடுத்துவிடுங்கள். வைக்கோல் போர் அருகே நிறுத்தாதீர்கள். தீயும் பயம், எலி வயரைக் கடிப்பதும் உண்டு. யூரியா மூட்டையை டிக்கியில் ஏற்றாதீர்கள். சிந்தினால் ஈரத்தை இழுத்துத் தகரத்தை அரிக்கும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். நம் கரும்பும் மக்காச்சோளமும்தான் அதற்கு மூலப்பொருள். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். ஸ்விஃப்டுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு லிட்டருக்கு 24.8, அது சோதனைக்கூடக் கணக்கு. எங்கள் ஓட்டத்தில் 19 முதல் 20 வரை வருகிறது.

கப்பலூர் சுங்கச்சாவடியில் உள்ளூர் வண்டிகளுக்கு விலக்குக் கேட்டு நம் பகுதி மக்கள் பல வருடமாகப் போராடி வருகிறார்கள். அது ஒரு பக்கம் இருக்க, 20 கிலோமீட்டருக்குள் வசிக்கும் சொந்தக் கார்காரர்களுக்கு மாத பாஸ் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸும் வந்திருக்கிறது; அறிமுகமானபோது கட்டணம் 3,000 ரூபாய். 200 முறை கடக்கலாம், அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. வாரம் இரண்டு நாள் போய்வந்தாலே வருடத்துக்கு 208 முறை ஆகிவிடும். தினமும் கடப்பவர்கள் மாத பாஸோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

பெட்ரோல், சர்வீஸ், தவணை, டோல் எல்லாவற்றையும் பூக்கணக்கு நோட்டிலேயே பின்பக்கத்தில் எழுதி வருகிறோம். முன்பக்கத்து வரவை எந்த மாதம் பின்பக்கத்துச் செலவு தொடுகிறதோ, அந்த மாதம் வண்டி வைத்தியத்துக்கு மட்டும்தான் வெளியே போகும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். மார்கழியில் அப்படித்தான் நின்றது.