எல்லைக் கல்லும் எதிரணியும்

2024 டிசம்பர் விடுமுறைக்கு நம் மூத்த மகன் புல்மன் நகரிலிருந்து வீடு வந்திருந்தான். அங்குள்ள வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவன் மாணவன். பெற்றோராகிய நாம் பாடத்தைப் பற்றிக் கேட்டோம். அவனோ தன் கல்லூரியின் பந்தாட்ட அணியைப் பற்றியே பேசினான். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தையே இந்நாட்டார் கால்பந்து என்கின்றனர். இருபது ஆண்டு இங்கு வாழ்ந்தும் அதன் விதிகள் நமக்கு விளங்கவில்லை. எனினும் மகனுடைய முகவாட்டம் விளங்கிற்று.

“எங்களைத் தனியே விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள், அப்பா” என்றான்.

செய்தி இதுதான். இந்நாட்டுக் கல்லூரிகள் பல ஒன்றுகூடிக் கூட்டமைப்பாகித் தமக்குள் ஆண்டுதோறும் ஆடுவது வழக்கம். மேற்குக் கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பு பாக்-12 என்பது. 1915-இல் தோன்றிய பழைய கூட்டமைப்பின் வழியில் வந்தது அது. 2022 சூன் 30-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டும் அதனை விட்டுப் பிக் டென் என்னும் கூட்டமைப்பில் சேரப்போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் முதலாகப் பலவும் அவ்வழியே வெளியேறின. 2024-ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் தொடங்கியபோது பன்னிரண்டில் எஞ்சியவை இரண்டே. அவற்றுள் ஒன்று நம் மகனுடைய கல்லூரி.

காரணம் யாது? தொலைக்காட்சிப் பணம். பிக் டென் கூட்டமைப்பு 2022-இல் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு ஏழு ஆண்டிற்கு 700 கோடி டாலருக்கு மேல் என்றனர். பணம் அழைத்தது, பெரியவர்கள் போயினர். பசிபிக் கரையில் நிற்கும் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் உறுப்பினராயின. இதனைக் கேட்டு நாம் வாய்விட்டுச் சிரித்தோம். “ஒரு விளையாட்டுக்கா இத்தனை துயரம்?” என்றும் கேட்டுவிட்டோம். ஆறு திங்களுக்குள் அச்சிரிப்பை எண்ணி நாணும்படி நேர்ந்தது.

2025 சூன் மாதம் தாயகம் சென்றோம். நம் பூர்விகம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூர். தமையனார் வீட்டுத் திண்ணையிலிருந்து தெற்கே நடந்தால் சற்று நேரத்தில் களியக்காவிளை வந்துவிடும். அங்குத் தமிழ்நாடு தொடங்குகிறது. இப்புறம் கேரளம். வாழையும் மரச்சீனியும் ரப்பரும் இரு புறத்தும் ஒன்றே. வீட்டிற்குள் பேசும் தமிழும் ஒன்றே. பேருந்தின் பலகையில் எழுத்து மாறும், அவ்வளவுதான்.

தமையனார் மகன் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தான். இடக்காலால் பந்தை அடிப்பதில் வல்லவன். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதே வீட்டில் பேச்சு. வீட்டுப் பேச்சு மழைக்காலத்து ஓடைபோல் தெருவிற்கு வந்து சாயாக்கடையை நிரப்பியிருந்தது. காலையில் கட்டன் சாயா அருந்தச் சென்ற நாம் ஊரே கூடி ஒரு பையனுடைய கால்களைப் பற்றி வாதிடக் கண்டோம்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் கேரளத்தின் பக்கம். “காட்டாக்கடைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்க்கட்டும். திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகத்தின் அணிக்கு அங்கிருந்தே போகலாம். சந்தோஷ் கோப்பையைக் கேரளம் 7 முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒருமுறையேனும் வென்றதுண்டா? நம் காவல்துறை அணி 1990-இலும் 1991-இலும் பெடரேஷன் கோப்பையைக் கொண்டுவந்தது. பந்து ஆடுகிறவனுக்கு இங்கே வேலை உண்டு. 2024-இல் சூப்பர் லீக் கேரளா என்று 6 அணிகள் கொண்ட போட்டியும் வந்துவிட்டது. ஓர் அணி திருவனந்தபுரத்திற்கே உரியது. இதை விட்டு வேறெங்கே போவது?” என்றார்.

தெற்கேயிருந்து வந்து நம் ஊரில் பெண் கட்டிய ஆசிரியர் மறுத்தார். “கேரளத்தில் கூட்டம் மிகுதி, முந்திச் செல்வது அரிது. நாகர்கோவிலுக்கோ தூத்தூருக்கோ அனுப்புங்கள். தூத்தூர்க் கடற்கரை தந்த ஆட்டக்காரர் எத்தனை பேர்! இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெயர் பெற்றார். பின்னர்க் கொல்கத்தா அணிக்கும் போனார். அதே சென்னை சிட்டி 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. அங்கே நம் பையன் தமிழனாகவே ஆடலாம்” என்றார்.

“அங்கே போனால் இவன் பிறமாநிலத்தான். இங்குள்ள சாதிச் சான்றிதழ் அங்கே இடவொதுக்கீட்டிற்குச் செல்லாது. அதையும் எண்ண வேண்டாமா?” என்று தமையனார் மெல்லக் கூறினார். கடை சற்று நேரம் அமைதியாயிற்று.

பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அப்பொழுது வாய் திறந்தார். ஊரார் அவரைப் பாட்டா என்பர். “இந்தப் பேச்சு எங்கள் காலத்தில் இல்லை, மக்களே. நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம்; ஒரே பல்கலைக்கழகம்” என்றார்.

உண்மை அதுவே. 1937-இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்துக் கல்லூரிகளுக்கும் நாகர்கோவில் ஸ்காட் கிறித்துவக் கல்லூரிக்கும் பொதுவாயிருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. நாகர்கோவில் கல்லூரிகள் 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழும், 1990-இல் நெல்லையில் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழும் சென்றன. அப்பல்கலைக்கழகத்திற்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராய் விளங்கியவர். பெயர் எல்லைக்கு அப்பால் போயிற்று. அவர் பாடம் சொன்ன கல்லூரி இப்புறம் நின்றது!

ஒன்றை ஈண்டுத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பணத்திற்காக அணி மாறின. நம் எல்லை அவ்வாறு மாறியதன்று. தாய்மொழியில் கற்கவும் ஆளப்படவும் வேண்டி நம் மக்கள் போராடினர். 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டதில் உயிர் ஈந்தனர். அவ்வெல்லையை நாம் குறை கூறோம். ஆயினும் கோடு எக்காரணம் பற்றிக் கிழிக்கப்பட்டாலும் அதன் ஓரத்தில் நிற்பவன் படும் பாடு ஒன்றுண்டு. அடுத்த வீட்டான் அவனுக்கு அயலான் ஆகிவிடுகிறான்.

ஆட்டத்திலே இது நன்கு புலனாகும். நம் ஊர் அணி பதிவு செய்ய வேண்டியது திருவனந்தபுரம் மாவட்டத்தில். களியக்காவிளை அணி பதிவு செய்வது கன்னியாகுமரி மாவட்டத்தில். பள்ளிப் பிள்ளைகள் பள்ளி எம்மாநிலத்திலோ அம்மாநிலத்திற்கே ஆடுவர். கல்லூரிகள் தத்தம் பல்கலைக்கழகத்திற்குள்ளே மோதும். இரு பல்கலைக்கழகங்களும் சந்தித்தால் தென்மண்டலப் போட்டியில் சந்திக்கலாம். கூப்பிடு தொலைவில் உள்ள அணியின் பெயர் நம் ஊர் அணியின் ஆட்டப் பட்டியலில் வருவதற்கே வழியில்லை.

கடற்கரையில் இது இன்னும் விந்தை. பொழியூர் கேரளத்தின் கடைசிக் கடற்கரை ஊர். அதனை அடுத்த நீரோடி தமிழ்நாடு. மணல் ஒன்று, வலை ஒன்று, திருச்சபையும் ஒன்று. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தூத்தூர்ப் புனித யூதா கல்லூரியை நடத்துவதும் அம்மறைமாவட்டமே. பட்டம் தருவதோ நெல்லைப் பல்கலைக்கழகம். பொழியூரில் பிறந்தவன் கேரள அணிக்குக் கனவு காண்கிறான். நீரோடியில் பிறந்தவன் தமிழ்நாட்டு அணிக்கு.

“அந்நாளில் நாகர்கோவில்காரன் என்றால் எதிரி” என்று பாட்டா தொடர்ந்தார். “எதிரி என்றால் ஆண்டிற்கு ஒருமுறையாவது வருவான். வந்தால் சோறு போடவேண்டும். தோற்றால் அடுத்த ஆண்டு நாம் அங்கே போகவேண்டும். இப்போது அவன் எதிரியும் இல்லை, விருந்தாளியும் இல்லை.”

அன்றிரவு அண்ணியார் நம்மிடம் வந்தார். “இவன் பாட்டியோடு பேசுவது தமிழ், பள்ளியில் எழுதியது மலையாளம். காட்டாக்கடைக்குப் போனால் தமிழை எழுதவே மாட்டான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். நம்மால் சொல்ல இயலவில்லை. ஊரின் எல்லையைக் கடக்கவும் மனமின்றி அவ்வம்மையார் மகனுடைய மொழிக்காகக் கவல்கின்றார். நாமோ கடலையே கடந்து வந்தோம். நம் பிள்ளைகள் தமிழில் கையொப்பம் இடவும் தடுமாறுவர். எந்தத் தகுதியால் அறிவுரை கூறுவது? தலை கவிழ்ந்திருந்தோம்.

அருகில் நின்ற பையன் பேசினான். “எல்லாரும் நான் எந்தச் சட்டையைப் போடவேண்டும் என்றே பேசுகிறீர்கள், சித்தப்பா. களியக்காவிளைப் பையன்களோடு எப்போது ஆடுவது என்று ஒருவரும் கேட்கவில்லையே. அவர்களில் பாதிப்பேர் எனக்குக் கூட்டுக்காரர்கள்.”

மறுநாள் பையன்களே தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்தனர். கோப்பை இல்லை, கொடி இல்லை, தலைவர் இல்லை. அடுத்த ஞாயிறு மாலை, தூறல் நிற்காத நேரம், நம் ஊர்த் திடலில் ஆட்டம் நடந்தது. சேற்றில் எவன் கேரளத்தான், எவன் தமிழ்நாட்டான் என்று பிரித்தறிய இயலவில்லை. நம் ஊர் 1-2 என்று தோற்றது. பாட்டா குடையின் கீழ் அமர்ந்து நடுவரைத் திட்டித் தீர்த்தார். ஆட்டம் முடிந்தபின் அப்புறத்துப் பையன்களின் தந்தையர் இருவர் நம் தமையனாருக்குத் தாய்வழி உறவினர் என்று தெரியவந்தது. எல்லாருக்கும் மரச்சீனியும் மீன் குழம்பும் பரிமாறப்பட்டன.

அன்றிரவே மகனைத் தொலைபேசியில் அழைத்துக் கூறினோம். முன்பு சிரித்ததற்கும் வருத்தம் தெரிவித்தோம். அவன் நாம் அறியாததொன்றைச் சொன்னான். கூட்டமைப்பு உடைந்த பின்னரும், நூற்றாண்டிற்கு மேலாகத் தம்முள் மோதிவரும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் அவன் கல்லூரியும் ஆண்டுதோறும் ஆடும் ஆட்டத்தை 2028 வரை விடாது நடத்துவதாக 2023-இலேயே உடன்பட்டனவாம். 2024 செப்டம்பர் 14-இல் சியாட்டிலில் நடந்த ஆட்டத்தில், விட்டுப்போனவரை விடப்பட்டவர் 24-19 என்று வென்றனராம். அவன் குரலில் இருந்த பெருமிதம் பாட்டாவின் குரலை நினைவூட்டிற்று.

பையன் காட்டாக்கடையிலேயே சேர்ந்தான். சான்றிதழும் செலவும் அவ்வாறு முடிவு செய்தன. தாயாரும் இசைந்தார், ஒரு நிபந்தனையோடு. திங்கள்தோறும் நமக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்பது அது. முதல் கடிதம் வந்தது. அரைப் பக்கம். றகரமும் ரகரமும் இடம் மாறியிருந்தன. தன் கையால் மறுமொழி எழுதுவதாக நம் மகன் அதனை வாங்கிச் சென்றான். அவன் எழுத்தில் பிழை இன்னும் மிகுதி.

நம் சங்கத்தில் நாகர்கோவிலாரும் மார்த்தாண்டத்தாரும் பாறசாலையாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். ஊருக்குச் செல்லும் அன்பர்கள் தத்தம் ஊர்ப் பையன்களுக்கு ஒரு பந்தும், எல்லைக்கு அப்பால் சென்று வரப் பேருந்துக் கட்டணமும் தந்து வருவார்களாயின் அது பெருஞ்செலவாகாது. எந்த மாநிலத்தின் சட்டை, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் என்பனவற்றைப் பெரியவர்கள் எங்கோ அமர்ந்து முடிவு செய்வர். அடுத்த ஊரானை ஆட்டத்திற்கு அழைக்க அவர்களுடைய இசைவு வேண்டியதில்லை. இவ்வாண்டு களியக்காவிளைப் பக்கம் ஆட்டமாம். பாட்டாவைக் காரில் அழைத்துச் செல்வதாகத் தமையனார் எழுதியிருக்கிறார்.